மழைக்கு முன்னே விதைக்கிற ஊர்

"குலசையில ராக்கெட் தளம் வருதாமே அண்ணாச்சி, அங்க நமக்கு வாட்ச்மேன் வேலையாவது கிடைக்குமா?"

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. கேட்கிறவன் படிக்காதவன் அல்ல. எலெக்ட்ரானிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவன். சென்னைக்குப் போய், வாங்கிய சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகாமல் ஊர் திரும்பியவன். வாசலில் நின்று காவல் காப்பதும் உழைப்புத்தான், அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி, ராக்கெட் தளம் என்றதும் உன் நினைப்பு ஏன் கேட்டோடு நின்றுவிடுகிறது? அந்த ராக்கெட்டின் மூக்குக்குள் வைத்து அனுப்பப் போகிற பொருளை யார் செய்யப் போகிறார்கள் என்று கேட்க ஏன் உனக்குத் தோன்றவில்லை? வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு வானத்திலிருந்து மழை மட்டும்தான் வரும் என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?

விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்குத் தூத்துக்குடியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே குலசைக் கடற்கரையிலிருந்து ரோகிணி என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்று கிளம்பியது. 2025 ஆகஸ்டில் கட்டுமான வேலைகளுக்குப் பூமி பூஜை போட்டார் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். நிலம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம்.

ஏன் குலசை என்று கேட்டிருக்கிறாயா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். வழியில் இலங்கை. மக்கள் வாழும் நிலத்தின் மேல் பறக்கக் கூடாது என்பதால் சுற்றி வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் போகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். சின்ன ராக்கெட்டுக்கோ அந்த வளைவே தூக்க வேண்டிய சுமையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான். அதனால்தான் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கு நம் கடற்கரை. ஐந்நூறு கிலோ எடையை ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிற ராக்கெட் அது. அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் ஹெச்ஏஎல் நிறுவனம் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. ராக்கெட்டே தொழிற்சாலைச் சரக்காகப் போகிறது என்று அர்த்தம்.

அப்படியானால் அதற்குள் ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டாமா? என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

செயற்கைக்கோள் என்றால் லாரி அளவுப் பெட்டி, கட்டி முடிக்க ஐந்தாறு வருஷம், விலை பல நூறு கோடி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பைக் கழற்றி வை. அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள், பாப் ட்விக்ஸும் ஜோர்டி புய்க் சுவாரியும், 1999இல் மாணவர்களுக்காக ஓர் அளவு வகுத்தார்கள். பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம். க்யூப்சாட் என்று பெயர். பெட்டியின் அளவு ஒன்றாகிவிட்டதால் எந்த நாட்டுக்காரன் செய்தாலும் எந்த ராக்கெட்டிலும் ஏற்றலாம். 2017 பிப்ரவரி 15 அன்று நம் பிஎஸ்எல்வி ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? அவற்றில் 88 ஒரே கம்பெனியுடையவை, ஒரே அச்சில் வார்த்தவை, ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கும் குறைவு.

எதற்கு இத்தனை? ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒரு கோள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். தனக்குக் கீழே உள்ள ஒரு பட்டையைத்தான் அது பார்க்கும். உன் புஞ்சையின் மேல் மறுபடி வர நாளாகும். தினமும் பார்க்க வேண்டுமென்றால் டஜன் கணக்கில் வேண்டும். தொடர்ந்து இன்டர்நெட் கொடுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் வேண்டும். தாழ்ந்த பாதையில் ஓடுவதால் அவற்றின் ஆயுளும் பெரும்பாலும் ஐந்து வருஷத்தை ஒட்டித்தான். முடிந்தால் அடுத்தது அனுப்ப வேண்டும். ஒருமுறை செய்து ஓய்ந்துபோகிற வேலை அல்ல இது. அறுநூறுக்கு மேல் கோள்கள் தேவைப்பட்ட ஒன்வெப் நிறுவனத்துக்காக 2019இல் ஃப்ளோரிடாவில் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள், ஒரு நாளைக்கு இரண்டு செயற்கைக்கோள் என்ற கணக்கில். அங்கே செய்த 72 கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது நம் நாடுதான். அவர்கள் செய்தார்கள், நாம் தூக்கிக் கொடுத்தோம். தூக்கிக் கொடுப்பதில் பெருமை உண்டு. செய்வதில்தான் சம்பளம் உண்டு.

இனி அந்தத் தொழிற்சாலைக்குள் வா. அங்கே என்ன மந்திரமா நடக்கிறது? ஒரு மேஜையில் அலுமினியச் சட்டத்தைத் திருகிச் சேர்க்கிறார்கள். அடுத்ததில் பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் போர்டில் ஈயப் பற்று வைக்கிறார்கள். இன்னொன்றில் நூற்றுக்கணக்கான வயர்களை வரிசை பிசகாமல் கற்றையாகக் கட்டுகிறார்கள். ஒரு வயர் இடம் மாறினால் மொத்தக் கோளும் குருடு. கண்ணாடி மாதிரி எளிதில் உடைகிற சூரிய மின்கலங்களைத் தகட்டில் ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களை அடுக்கடுக்காக வைத்து, வெப்பம் தாங்கும் போர்வையாகத் தையல் மெஷினில் தைக்கிறார்கள். ஆமாம், தையல் மெஷினில்தான். பிறகு குலுக்கிப் பார்க்கும் மேஜை. பிறகு காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடாக்கிக் குளிரவைக்கும் அறை. மேலே போனபின் தினமும் பதினைந்து பகலையும் பதினைந்து இரவையும் அது தாங்கியாக வேண்டுமே. ஒவ்வொரு திருகுக்கும் எவ்வளவு முறுக்கினார்கள், யார் முறுக்கினார்கள், எந்தத் தேதியில் என்று எழுதி வைக்கிறார்கள்.

விரல் நுனியின் நிதானம், அலுக்காத கண், ஒரே வேலையை ஆயிரமாவது தடவையும் முதல் தடவை மாதிரியே செய்கிற பொறுமை. இந்த மூன்றும் யாரிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற எங்கள் அக்காக்களைக் காட்டுவேன்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பாஷை தெரியாத ஊரில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஊரில் தொழில் தொடங்கினார்கள். எதிரே நின்றது யார்? உலகத் தீப்பெட்டி வியாபாரத்தையே கைக்குள் வைத்திருந்த சுவீடன் கம்பெனி. அதே 1923இல் அந்தக் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் பெரிய இயந்திரங்களோடு இறங்கியது. நம் ஆட்கள் ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்கிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை, கைகளை நம்பினார்கள். கைத்தொழிலாக அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மழை இல்லை, ஈரம் இல்லை, பிழைப்பு இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பூமியில், அந்த ஈரமில்லாத காற்றையே முதலாக்கிக் குச்சி காயவைத்தார்கள். இந்தியா முழுவதும் அடுப்பு எரிந்தது நம் ஊர்க் குச்சியில். வறட்சியிலிருந்து ஒரு தொழிலை உருவாக்கிய ஜனங்களின் பேரன் நீ. உனக்கு வாட்ச்மேன் வேலை போதுமா?

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தத் தொழிலுக்கு நம் பிள்ளைகளின் விரல்களைக் கொடுத்தோம். விடியுமுன் ஊருக்குள் வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றப்பட்ட பிள்ளைகள் அவர்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் இருபதாயிரம் ரூபாய் கட்டு என்றது. புதிதாக ஒரு தொழில் இந்த மண்ணுக்கு வருமானால் அதைப் பெரியவர்கள் செய்வார்கள், படித்துச் செய்வார்கள், சரியான கூலிக்குச் செய்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குச்சி அடுக்கிய ஒரு தாய்க்கு நாம் பட்ட கடனை அவள் பேத்தியின் சம்பளத்தில்தான் தீர்க்க முடியும். அந்தப் பேத்திக்காகத்தான் இத்தனை சத்தம் போடுகிறேன்.

இப்போது ஆட்சேபங்கள் வரும். வரட்டும்.

இந்தப் புழுதி ஊரில் தூசியே இல்லாத அறையா என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வைத்திருக்கிறோமே, அது எப்படி? வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைத்தால் வெளித்தூசி நுழையாது. கரிசலில் கட்டடம் விரிசல் விடுமே, குலுக்கல் மேஜைக்கு அசையாத அஸ்திவாரம் வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி. மழையில் ஊதி வெயிலில் சுருங்குகிற மண் இது. இதற்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் வைத்த ஆழமான கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தை உருவாக்கிப் பல காலம் ஆகிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பொம்பளைப் பிள்ளையால் முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செங்கோட்டை நிகார் ஷாஜியைக் காட்டுகிறேன். 2023இல் சூரியனை நோக்கிப் போன ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் அவர். மதுரைப் பக்கம் திருமங்கலத்துப் பிள்ளைகளையும் காட்டுகிறேன்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று கேள், தாயி. நாடு முழுவதும் 75 பள்ளிகளிலிருந்து 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் என்று ஒரு செயற்கைக்கோளுக்குக் கருவிகள் செய்தார்கள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு அதை முன்னின்று நடத்தியது. திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். ராக்கெட் அழகாக ஏறியது. இரண்டாம் அடுக்குப் பிரிகிற கணத்தில் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் அதிர்வு கூடியது. அளக்கும் கருவிகள் எல்லாம் பழுது என்று கணினி தப்பாக முடிவு கட்டியது. வட்டப் பாதையில் போக வேண்டிய ஆசாதிசாட், ஒரு பக்கம் பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை இறங்குகிற கோணல் பாதையில் விடப்பட்டது. அந்த உயரத்தில் காற்று இழுத்துவிடும். பிள்ளைகள் செய்தது எரிந்து போனது.

என்ன செய்தார்கள்? மறுபடி செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, 8.7 கிலோ எடையுள்ள ஆசாதிசாட் 2 அதே வகை ராக்கெட்டில் ஏறிச் சரியான பாதையில் நின்றது. ராக்கெட்காரர்களும் தங்கள் பிழையைக் கண்டுபிடித்து, வெளிப்படையாகச் சொல்லி, திருத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவை அரியர் விழுந்ததும் "எனக்கு இது வராது" என்று புத்தகத்தை மூட்டை கட்டுகிறாயே, அந்தப் பிள்ளைகளின் உழைப்பு கடலுக்கு மேலே சாம்பலானதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

பணத்துக்கு எங்கே போவது? சரியான இடத்துக்கு வந்தாய். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த ஒரு வக்கீல் 1906இல் வெள்ளைக்காரனின் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம். அதை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரமாகப் பிரித்தார். வ.உ.சி. தனியாக ஒரு கோடீஸ்வரனைத் தேடி அலையவில்லை, பங்கைச் சின்னதாக்கிக் கூட்டத்தைப் பெரிதாக்கினார். எதிரி கட்டணத்தைக் குறைத்தான், அரசாங்கம் அவரைச் சிறையில் தள்ளியது, கம்பெனி கலைந்தது. அந்த அரசாங்கம் இன்று இல்லை. சிறுதொழில்காரர்கள் குழுமமாகச் சேர்ந்தால் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 2020இல் உருவான இன்ஸ்பேஸ் அமைப்பின் வழியாக இஸ்ரோவின் சோதனைக் கூடங்களைத் தனியாரும் பயன்படுத்தலாம். 2025 ஏப்ரலில் தமிழக அரசு விண்வெளித் தொழில் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஐந்து வருஷத்தில் பத்தாயிரம் கோடி முதலீடு, பத்தாயிரம் வேலை என்பது அதன் இலக்கு. எல்லாரும் ஆளுக்கொரு குலுக்கல் மேஜை வாங்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒன்று போதும்.

பொய் நம்பிக்கை கொடுக்க நான் வரவில்லை. இன்றைய தேதியில் பெங்களூரும் ஹைதராபாத்தும் நம்மை விட வெகுதூரம் முன்னால் இருக்கின்றன. பெங்களூரின் பிக்ஸல் நிறுவனம் 2025இல் தன் ஃபயர்ஃப்ளை கோள்களை வானில் நிறுத்திவிட்டது. பயிரின் இலையில் வரும் மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியுமுன் பிரித்துப் பார்க்கிற வகைக் கோள்கள் அவை. 2018இல் நம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது, குருத்துக்குள் புழு புகுந்த பின்புதானே நமக்குத் தெரிந்தது? நம் புஞ்சையை மேலிருந்து பார்க்கிற கண்ணை வேறு யாரோ செய்து, அந்தப் படத்தை நமக்கே விலைக்கு விற்கப் போகிறார்கள். உனக்கு ஆத்திரம் வரவில்லையா? வந்தால் நல்லது. முழுக் கோளையும் நாளைக்கே கோவில்பட்டியில் செய்ய முடியாது. சட்டம் செய்யலாம். வயர்க் கற்றை கட்டலாம். போர்டில் பற்று வைக்கலாம். வெப்பப் போர்வை தைக்கலாம். இந்த நான்கில் ஒன்றில் இந்தியாவிலேயே நாம்தான் என்று பெயர் வாங்கினால் முழுக்கோள் தானாக நம் வாசலுக்கு வரும்.

"குலசையில் முதல் ராக்கெட் போகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்கிறாயா? நீ கரிசல்காரன்தானா? புரட்டாசியில் உன் தாத்தா என்ன செய்தார்? வானத்தில் ஒரு மேகம் கிடையாது, மண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் விதையைக் கடினப்படுத்தி மழைக்கு முன்னேயே ஊன்றச் சொல்கிறது. ஏன் தெரியுமா? மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. மண் அப்பிக்கொள்ளும், ஏர் இறங்காது, மாடு நடக்காது. தரை காய்ந்து நீ உள்ளே போவதற்குள் ஈரம் பாதி போய்விடும், பருவம் போய்விடும். முன்னே விதைத்தவன் காட்டில் அதே மழையில் பயிர் தலைகாட்டியிருக்கும். ஏவுதளம் திறந்து கம்பெனிகள் படையெடுத்து வருகிற நாளில் நீ பயிற்சி வகுப்பைத் தேடி ஓடினால் உன் காடு தரிசுதான்.

ஆகவே இந்த மாதமே தொடங்கு. தங்கச்சி, நீ எலெக்ட்ரானிக்ஸ் என்றால் பற்று வைப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஐபிசி தரச்சான்று இருக்கிறது, அதைப் படித்து வாங்கு. மார்க் ஷீட்டை விட அதற்கு மதிப்பு. தேசிய பொறியியல் கல்லூரி 1984இலிருந்து கோவில்பட்டியில் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளே, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். ஒரு கோளின் மின்சாரப் பலகையை நீங்களே செய்து, எரித்து, மறுபடி செய்யுங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகப் பிள்ளைகள் செய்த அனுசாட் 2009இலேயே வானுக்குப் போனது. நம் பக்கத்துக் குமரி மாவட்டத்தில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் செய்த நியுசாட் 2017இல் போனது. கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினாரே, அவர் மட்டை பிடிக்க ஆரம்பித்த நாளில் எந்தத் தேர்வாளர் இந்த ஊருக்கு வந்து காத்துக்கொண்டிருந்தார்?

லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சிகளே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். தீப்பெட்டி மெஷினின் தேய்ந்த பல்லைக் கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்கிறவர்கள் நீங்கள். க்யூப்சாட் சட்டத்தின் அகலம் நூறு மில்லிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும், மீறினால் ராக்கெட்டின் பெட்டிக்குள் நுழையாது. 6061 ரக அலுமினியக் கட்டை ஒன்று வாங்குங்கள். பக்கத்துத் தெருவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற அந்த எலெக்ட்ரானிக்ஸ் பையனைக் கூப்பிடுங்கள், அவன் கம்ப்யூட்டரில் வரைபடத்தை இறக்கட்டும். ஒரு சட்டம் வெட்டுங்கள். மைக்ரோமீட்டரை அவன் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வரம்பை விட்டு விலகினால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். ஒன்று சரியாக வந்தால் நிறுத்தாதீர்கள். பத்தும் ஒரே அளவில் வருகிறவரை வெட்டுங்கள். வந்ததும் பத்தையும் ஒரு பெட்டியில் போட்டு, அளவுகளை எழுதிய தாளையும் உள்ளே வைத்து, பெங்களூர் பஸ்ஸில் அவனையே ஏற்றி அனுப்புங்கள்.